மாடி வீட்டுக்கு ஒரு பந்தய நாய்

நாய் வளர்க்க வேண்டும் என்ற ஆசை எங்கள் வீட்டில் நெடுநாளாக உண்டு. ஆனால், மெல்பர்ன் நகரத்தில் நான்காவது மாடியில் வாடகைக்கு எடுத்த வீடொன்றில், இரண்டு அறையும் ஒரு கூடமும், துணி காயவைத்தால் மனிதர் நிற்க இடமில்லாத ஒரு பால்கனியுமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டு, புல் முளைக்கும் மண் ஒரு சாணாவது எங்களுக்கென்று இல்லாத நிலையில், பெரிய நாய் கூடாது, ஓடும் நாய் கூடாது, குரைக்கும் நாய் கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் நாயே கூடாது என்ற முடிவுக்கு மிகவும் சமீபத்தில் வந்து நின்றோம். அந்தச் சமயத்தில்தான், இந்த ஊரில் பல வருஷமாக வசிக்கும் நண்பர் ஒருவர், "பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் ஒன்றை நீங்கள் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?" என்று கேட்டார். அவர் பரிகாசம் செய்கிறார் என்றே நினைத்தேன். நாய்க் குலத்திலேயே அதிவேகமாக ஓடக்கூடிய பிராணி எதுவோ, மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது எதுவோ, அதையே கொண்டுபோய் நான்காவது மாடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறவரைப் பற்றி வேறு எவ்விதம் நினைப்பது?

விசாரிக்க விசாரிக்க, அவர் சொன்னதில் பரிகாசம் ஏதுமில்லை என்பதும், வீட்டின் விஸ்தீரணத்தை அளந்து அதற்கேற்ற அளவில் நாயைத் தேடுகிற பொதுவான வழக்கத்துக்கு அதிக ஆதாரமில்லை என்பதும் தெரியவந்தன. வீடு எத்தனை சதுர அடி என்பதைவிட, அந்த வீட்டில் மனிதர்கள் எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்பதே கிரேஹவுண்டின் விஷயத்தில் பிரதானமானது. நான் கேட்டும் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன். மண் தரை இல்லாத வீட்டில் முதன்முதலாக ஒரு நாயைக் கொண்டுவர யோசிக்கும் நம்மவர் வேறு சிலருக்கும் இது உபயோகப்படலாம்.

என் சொந்த ஊர் கோவில்பட்டிக்குச் சமீபம். கரிசல் காட்டில் பிறந்தவனுக்குக் கிரேஹவுண்டின் உருவம் அந்நியமானதன்று. நீண்டு ஒடுங்கிய முகமும், ஆழ இறங்கிய மார்பும், முதுகை நோக்கி மேலேறிவிட்ட வயிறும், எண்ணிவிடலாம் என்று தோன்றும் விலா எலும்புகளுமாக, சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக முயல் விரட்டி வந்தவை. அவற்றைப் பற்றியும் பிற இந்திய நாய்களைப் பற்றியும் தியடோர் பாஸ்கரன் அவர்கள் 2017-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார்; நாய்ப் பிரியர்கள் அவசியம் படிக்க வேண்டியது. கண்ணால் இரையைக் கண்டு, காலால் அதை வெல்லும் ஜாதி இந்த நாய்கள்; மோப்பம் பிடித்துப் போகிற நாய்களின் வகை வேறு. என் மாமா வீட்டுத் தொழுவில் ஒரு கன்னி நாய் கட்டிக் கிடந்தது. மாமாவைத் தவிர வேறொருவர் அதன் தலையில் கை வைப்பது நடவாத காரியம். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு கிரேஹவுண்டைப் பற்றி அனுமானம் செய்தால் முழுக்கத் தவறாகப் போய்விடும். உருவம் ஒன்றாக இருந்தாலும் சுபாவம் வேறு. கன்னி நாய் வீட்டைக் காக்கும்; கிரேஹவுண்டோ, வீட்டுக்குள் திருடன் வந்தால் வாலை ஆட்டி வரவேற்று, பிறகு தன் மெத்தைக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அதை வளர்க்கிறவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். காவலுக்காக நாய் தேடுகிறவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு வேகமான பிராணி எப்படி ஒரு கூடத்துக்குள் அடங்கி இருக்கும் என்ற சந்தேகத்துக்கு விடை அதன் சரீர அமைப்பிலேயே இருக்கிறது. கிரேஹவுண்டின் தசைகள் நெடுந்தூரம் ஓடுவதற்காக அமைந்தவையல்ல. குறைந்த நேரத்தில் உள்ள சக்தி முழுவதையும் கொட்டித் தீர்ப்பதற்காக அமைந்தவை. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை அதன் நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும்பிவிடுகின்றன. உடம்பின் எடைக்கு விகிதாசாரமாகப் பார்த்தால் அதன் இருதயம் மற்ற நாய்களுடையதைவிடப் பெரியது. இந்த ஊரின் சாண்டவுன் பந்தயத் திடலில் ஒரு பந்தயத்தின் தூரம் 515 மீட்டர். அதை ஓடி முடிக்க நாய்க்கு ஏறக்குறைய அரை நிமிஷம்தான் ஆகிறது. மத்தாப்பைப் போல அந்த அரை நிமிஷத்தில் ஜொலித்துவிட்டு, நாளின் பெரும் பகுதியை அது நித்திரையில் கழிக்கிறது. பதினாறு மணி நேரம், பதினெட்டு மணி நேரம் உறங்குகிற கிரேஹவுண்டுகள் சர்வ சாதாரணம். முதுகைத் தரையில் வைத்து, நான்கு கால்களையும் நான்கு திசையில் ஆகாயத்தை நோக்கி நீட்டிக்கொண்டு, பார்ப்பவர்களுக்குப் பயமுண்டாகும்படியான ஒரு கோணலில் கழுத்தைத் திருப்பி வைத்து உறங்குவது அதற்கு மிகவும் பிரியமான கிடை. காலையில் அரை மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும் நிதானமான நடை கிடைத்தால் போதுமானது. பார்டர் கோலி, கெல்பி முதலிய ஆட்டுமந்தை நாய்களோ, நாள் முழுவதும் ஏதாவது ஒரு வேலையை எதிர்பார்ப்பவை. வேலை கொடுக்காவிட்டால் சோபாவைக் கிழிப்பதைத் தாமே ஒரு வேலையாக ஏற்படுத்திக்கொள்பவை. கைக்குள் அடங்கும் டெரியர் நாய்கள் மாடி வீட்டுக்கு ஏற்றவை என்று பலரும் நம்புகிறார்கள். நடைவழியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் குரைக்கும் அவற்றின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இராது. கிரேஹவுண்ட் குரைப்பது அபூர்வம்.

ஊரிலிருக்கும் என் தாயாரிடம் டெலிபோனில் இந்த யோசனையைச் சொன்னேன்.

"ஏய்யா, அது வீட்டுக்குள்ளயா படுக்கும்?"

"ஆமாம்மா. மெத்தை போடணும். உடம்புல கொழுப்பே கிடையாது. வெறுந்தரையில படுத்தா எலும்பு அழுந்திப் புண்ணாயிரும்."

"நாய்க்கு மெத்தையா? உங்க மாமா வீட்டு நாய் தொழுவுல சாக்குல கெடந்துச்சே, அது நாயில்லையா?"

இதற்கு நான் சொல்லக்கூடிய பதிலைச் சுமார் 1,900 வருஷங்களுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அலெக்சாண்டரின் சரித்திரத்தை எழுதிப் புகழ் பெற்ற அரியன் என்பவர், ரோமாபுரிச் சாம்ராஜ்யத்தில் ஒரு மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர், வேட்டையைப் பற்றிக் கிரேக்க மொழியில் ஒரு சிறு நூல் செய்தார். ஸெனொஃபன் என்ற பழைய ஆசிரியர் முன்னமே வேட்டை நூல் எழுதியிருக்க, தாமும் ஒன்று எழுதப் புகுந்ததற்கு அவர் கூறும் காரணம், கெல்ட் ஜாதியார் வளர்த்த வேக நாய்களை ஸெனொஃபன் அறிந்திருக்கவில்லை என்பதே. அந்த நாய்களை இன்றைய கிரேஹவுண்டின் முன்னோராகக் கருதுகிறார்கள். அரியனிடம் ஹோர்மே என்ற பெயருடைய பெண் நாயொன்று இருந்தது. அவர் வீட்டிலிருந்தால் அதுவும் வீட்டில் இருக்கும். தேகப் பயிற்சிக்குப் போனால் உடன் போகும். பசித்தால் காலால் தட்டிக் கேட்கும். இப்படிப்பட்ட நாய்க்கு மிருதுவான, வெதுவெதுப்பான படுக்கை வேண்டும் என்றும், ஒரு மனிதரின் பக்கத்தில் படுக்கவைத்தால் அதைவிட மேலானது வேறில்லை என்றும் அந்த ஆளுநர் சிபாரிசு செய்கிறார். முயல் தப்பிவிட்டால் அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்பதும் அவருடைய அபிப்பிராயம். ஓட்டத்தின் அழகைக் காண்பதற்கே நாயை அவிழ்த்துவிடுவதாக அவர் கொண்டார். என் தாயாருக்கு அரியனைப் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டில் வேலையாட்கள் இருந்திருப்பார்கள் என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான்.

அரியனுடைய நாய் மனிதரோடு வளர்ந்தது. நமக்குக் கிடைக்கக்கூடிய நாய் அவ்விதம் வளர்ந்ததல்ல. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உயிருள்ள முயலுக்குப் பதிலாக யந்திரத்தால் ஓடும் பொம்மையை விட்டு நாய்களை வட்டத் திடலில் துரத்தவைக்கும் பந்தயம், 1919-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் எமரிவில் என்ற இடத்தில் ஆரம்பித்து, 1926-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பெல் வியூ திடலுக்கு வந்து, அடுத்த வருஷமே ஸிட்னிக்கு வந்துவிட்டது. அன்று முதல் இந்தத் தேசத்தில் கிரேஹவுண்ட் என்பது பெரும்பாலும் பந்தயத்துக்காகவே பிறப்பிக்கப்படும் பிராணி. கொட்டடியில் பிறந்து, கொட்டடியில் வளர்ந்து, ஒன்றரை வயது வாக்கில் திடலில் இறங்கி, காலில் அடிபட்டாலோ வேகம் குறைந்தாலோ இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும். பத்து வயதைத் தாண்டி வாழக்கூடிய நாய்க்கு அது ஆயுளில் பாதிகூட அல்ல. காதில் பச்சை குத்திய அடையாளத்தோடு அது உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, மனிதர் கைப்பட்ட பழக்கமும், வண்டியில் ஏறுகிற பழக்கமும், வாரில் நடக்கிற பழக்கமும் அதற்கு உண்டு. குறித்த நேரத்தில் வெளியே விடப்பட்டு வந்த காரணத்தால் காலக் கிரமமும் உண்டு. ஆனால், ஒரு வீடு என்பது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

மாடிப்படி அதற்குத் தெரியாது. முதல் படியின் முன்னே நின்று, அது சுவரா தரையா என்று நிச்சயிக்க முடியாமல் நடுங்குகிற முப்பது கிலோ எடையுள்ள நாயை, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக நின்று, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பழக்க வேண்டும். கண்ணாடிக் கதவு தெரியாது. ஓடிவந்து மோதாமலிருக்கக் கண்ணாடியின் மேல் அதன் கண் மட்டத்தில் காகிதப் பட்டையை ஒட்டிவைக்கிறார்கள். தொலைக்காட்சி, மிக்ஸி, குக்கரின் விசில் எல்லாம் புதியவை. குக்கர் விசிலுக்குப் பழகாத நாய் தமிழர் வீட்டில் எப்படிக் காலம் தள்ளும் என்பதால், இது எங்களுக்கு முக்கியமான பாடமாகத் தோன்றுகிறது. வழவழப்பான தரையில் அதன் நீண்ட கால்கள் வழுக்கி விரியும். வாசலிலிருந்து மெத்தை வரையிலும், மெத்தையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரையிலும் ஜமக்காளமோ ரப்பர் விரிப்போ போட்டுவைப்பது நல்லது. கண்ணைத் திறந்தபடியே உறங்கும் வழக்கம் இவற்றில் பலவற்றுக்கு உண்டு. உறங்கும்போது தொட்டால் திடுக்கிட்டு உறுமவோ கடிக்கவோ கூடும். கொட்டடியில் தனியாகப் படுத்தே பழகிய பிராணியை உறக்கத்தில் யாரும் தொட்டதில்லை என்பது ஞாபகத்தில் இருந்தால் இது விளங்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். சிறு குழந்தைகள் அதன் படுக்கையின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டிக்குப் பாடம் கற்பிக்கும் பிரயாசை இல்லை என்பதால் ஓய்வு பெற்ற நாய் சுலபமானது என்று சிலர் சொல்லுகிறார்கள். பிரயாசை இல்லாமலில்லை, வேறு விதமானது, அவ்வளவுதான். ஆனாலும், முதல் தடவை நாய் வளர்க்கிறவர்களுக்குக் குட்டியைவிட வளர்ந்த நாயே மேல் என்பது என் கட்சி. அதன் குணம் இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

இனி, பந்தயத்தைப் பற்றி. 2015-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி, பயிற்சிக்காக உயிருள்ள முயல்களையும் பன்றிக்குட்டிகளையும் பொம்மைக்குப் பதிலாகக் கட்டி நாய்களை ஏவிவிடும் கொடுமையை ரகசியப் படமெடுத்து வெளியிட்டது. அதைத் தொடர்ந்து நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் முன்னாள் நீதிபதி மைக்கேல் மக்ஹூ தலைமையில் நடந்த விசாரணை, பந்தயத்துக்குப் போதிய வேகமில்லை அல்லது தகுதியில்லை என்ற காரணத்தால் பன்னிரண்டு வருஷங்களில் 48,000-க்கு மேல் 68,000 வரையிலான கிரேஹவுண்டுகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2016-இல் அறிக்கை கொடுத்தது. அந்த மாகாணத்தின் முதல்வர் மைக் பேர்ட் பந்தயத்தையே தடை செய்வதாக ஜூலையில் அறிவித்தார். எதிர்ப்புக்கு ஆற்றாமல் அக்டோபரில் பின்வாங்கினார். கான்பெரா பிரதேசம் 2018-இல் தடை செய்தது. அமெரிக்காவின் ஃப்ளாரிடாவில் அதே வருஷம் மக்கள் வாக்களித்துத் தடையைக் கொண்டுவந்தார்கள். மெல்பர்ன் அடங்கிய எங்கள் விக்டோரியா மாகாணத்தில் பந்தயம் இன்றும் நடக்கிறது. 1996 முதல் ஓய்வு பெற்ற நாய்களை வீடுகளில் சேர்த்துவைக்கும் பெரிய ஸ்தாபனமும் இங்கே உண்டு. அதை நடத்துவது பந்தயத்தை நிர்வகிக்கும் அமைப்பேதான். அதன் மூலம் நாயைப் பெற்றுக்கொள்வது பந்தயத்துக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதாகாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பந்தயத்தோடு சம்பந்தமில்லாத சுயேச்சைச் சங்கங்களும் இருக்கின்றன. நாங்கள் அவற்றையே முதலில் அணுகுவதென்று தீர்மானித்தோம். அங்கே எங்களுக்கு ஏற்ற நாய் அமையாவிட்டால் மற்றதையும் நாடத் தயங்கமாட்டோம், ஏனெனில் கொட்டடியில் காத்திருக்கிற நாய்க்கு இந்த விவாதத்தில் பங்கில்லை. அதே சமயம், நாயை ரட்சித்துவிட்டோம் என்று அதன் சட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற வழக்கமும் எனக்கு உவப்பானதன்று.

மாடி வீட்டுக்கே பிரத்தியேகமான சங்கடங்களுக்கு வருகிறேன். தோட்டமுள்ள வீட்டில் விடியற்காலையில் கதவைத் திறந்துவிட்டால் நாயின் காலைக்கடன் முடிந்துவிடும். நான்காவது மாடியில் இருப்பவன் மழையானாலும், ஜூலை மாதத்துக் குளிரானாலும், தனக்கே ஜுரமானாலும், கோட்டை மாட்டிக்கொண்டு, நாய்க்கும் ஒரு கோட்டை மாட்டி, லிஃப்டுக்குக் காத்திருந்து, கீழே இறங்கி, புல்தரையைத் தேடிப் போய், கையில் காகிதப் பையோடு நிற்க வேண்டும். விடியலிலும் நடுப்பகலிலும் மாலையிலும் படுக்கப் போகும் முன்பும் இது நடக்க வேண்டும். இதைப் பத்து வருஷ காலம் செய்ய மனம் ஒப்புமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாமல் யாரும் விண்ணப்பத்தைத் தொடக் கூடாது. லிஃப்டும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டிய பொருள்: வாரைப் பிடித்தவர் உள்ளேயும் நாய் வெளியேயும் இருக்கையில் கதவு மூடிக்கொண்டால் நேரக்கூடியதை எழுதவும் மனம் வரவில்லை. ஆகையால் வாரைக் குட்டையாகப் பிடித்து, நாய் முழுவதும் உள்ளே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். லிஃப்டு பழுதானால், எழுபது சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள நாயை நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறுவது யார் என்பதையும் முன்கூட்டியே குடும்பத்தில் பேசி வைத்துக்கொள்வது உத்தமம். எங்கள் வீட்டில் அந்தச் சம்பாஷணை இன்னும் முடியவில்லை.

இவையெல்லாம் சிரமங்களே அன்றித் தடைகளல்ல. உண்மையான தடை தனிமைதான். கொட்டடியில் வளர்ந்த கிரேஹவுண்ட் பிறந்த நாள் முதல் மற்ற நாய்களின் மூச்சுச் சத்தத்தின் நடுவே வாழ்ந்தது. ஒரு நாளாவது முழுத் தனிமையை அறியாதது. அதைக் கொண்டுவந்து, அடைத்த கதவுக்குப் பின்னால், காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டு மாலை ஏழு மணிக்குத் திரும்பினால், சோம்பேறி நாய் என்று பெயர் பெற்ற அதே பிராணி, கதவைப் பிறாண்டியும், உமிழ்நீர் வடித்தும், ஓலமிட்டும், அண்டை வீட்டார் முறையிடும் அளவுக்குத் துன்பப்படும். எல்லா நாய்களும் அப்படியல்ல. ஆனால் எந்த நாய் எப்படி என்று முன்னே தெரியாது. ஐந்து நிமிஷம் வெளியே போய்த் திரும்புவது, பிறகு பத்து நிமிஷம், பிறகு அரை மணி என்று, அவசரப்படாமல் பழக்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். வந்த முதல் நாளிலிருந்து இரண்டு வாரம் லீவு எடுத்து இருபத்து நான்கு மணி நேரமும் கூடவே இருந்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் திடீரென்று ஆபீசுக்குக் கிளம்பிப் போவதைவிடக் கொடுமையான உபசாரம் வேறில்லை. என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. எனக்கு இரண்டு நாள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், இரண்டு பேரும் நாள் முழுவதும் வெளியே இருக்கும் குடும்பமாக நாங்கள் இருந்தால், வீடு மாளிகையாகவே இருந்தாலும் கிரேஹவுண்ட் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

வாரை அவிழ்த்துவிடுவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். பூங்காவில் மற்ற நாய்கள் சுதந்திரமாக ஓடும்போது நம் நாயை மட்டும் பிடித்து நிறுத்துவது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால், அரை மைல் தூரத்தில் முயலோ பூனையோ காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையோ அசைந்தால், நின்ற நிலையிலிருந்து சில பாய்ச்சல்களில் முழு வேகத்தை எட்டிவிடும் நாய்க்கு, அந்தக் கணத்தில் காது கேட்பதில்லை. நடுவே சாலை குறுக்கிடுவதும் தெரிவதில்லை. விக்டோரியாவில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வீட்டில் வளரும் கிரேஹவுண்டுக்கு வாய்க்கூடு போட வேண்டியதில்லை என்று சட்டத்தை மாற்றினார்கள். ஆனால் மற்ற நாய்களை அவிழ்த்துவிடும் பூங்காவிலும் அது வாரில்தான் இருக்க வேண்டும் என்ற விதியை விட்டுவைத்தார்கள். சரியான காரியம். இதன் கழுத்து தலையைவிடப் பருத்தது என்பதால் சாதாரணப் பட்டை பின்னோக்கி இழுத்தால் கழன்றுவிடும். இழுக்கும்போது சற்றே இறுகுகிற அகலமான பட்டையை வாங்க வேண்டும். வீட்டில் பூனை இருப்பவர்கள், பூனையோடு வைத்துப் பரிசோதிக்கப்பட்ட நாய்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் அழைத்து வரக் கூடாது.

வைத்தியம் கொஞ்சம் விசேஷமானது. கிரேஹவுண்டின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மற்ற நாய்களைவிட அதிகம், தட்டணுக்கள் குறைவு, தைராய்டு அளவும் குறைவு. இவை நோயல்ல, இந்த ஜாதியின் இயல்பு. இதை அறியாத வைத்தியர் ஆரோக்கியமான நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிவிடக் கூடும். சில மயக்க மருந்துகளின் வேகம் இதன் உடலில் இறங்க மிகுந்த நேரமாகும். ஆகவே, கிரேஹவுண்டைப் பார்த்துப் பழகிய வைத்தியரைத் தேடிக்கொள்ள வேண்டும். கொட்டடி ஆகாரத்தால் பல் நோயும் ஈறு நோயும் சகஜம். தினந்தோறும் பல் துலக்கிவிட வேண்டும். தோல் மிக மெல்லியது, முள் கீறினாலும் கிழியும். வயதான காலத்தில் எலும்புப் புற்றுநோய் வருவதற்கு மற்ற பல ஜாதிகளைவிட இதற்கு அதிக ஏது உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. குளிரும் ஆகாது, மெல்பர்னின் நாற்பது டிகிரி வெயிலும் ஆகாது. அன்றியும், இதன் முகம் சமையல் மேடைக்கு எட்டும். வெங்காயமும் பூண்டும் திராட்சையும் நாய்க்கு விஷம் என்பதை அறிந்தவர்கள், வெங்காயம் போட்ட வடையை மேடையில் ஆறவைத்துவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது.

வாடகை வீடு என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை. விக்டோரியாவில் 2020 மார்ச் முதல், தக்க காரணமின்றி வீட்டுக்காரர் வளர்ப்புப் பிராணியை மறுக்க முடியாது. மறுப்பதானால் விண்ணப்பம் கிடைத்த பதினான்கு நாளுக்குள் அவரே தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஸிட்னியில் சொந்த மாடி வீட்டுக்காரர்களுக்கே இருந்த சங்கடத்தை, ஆங்கஸ் என்ற சிறு ஷ்னாசர் நாயின் பொருட்டு நடந்த வழக்கில், 2020 அக்டோபரில் அந்த மாகாணத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்து வைத்தது. கட்டடம் முழுவதற்கும் நாயே கூடாது என்று விதி செய்வது செல்லாதென்பது தீர்ப்பு.

ஆக, எங்கள் தீர்மானம் இது. நாலைந்து வயதான, வேகத்தில் பெயரெடுக்காத, தனியாக இருந்து பழகியதாகச் சங்கத்தார் உறுதி சொல்லக்கூடிய ஒரு நாயைக் கேட்டிருக்கிறோம். உடனே சொந்தமாக்கிக்கொள்ளாமல், முதலில் சில வாரங்கள் தற்காலிகமாக வளர்ப்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த வாரங்களில் தீர்ப்புச் சொல்லப்போவது நாங்களல்ல, நாய்தான். வீட்டுக்காரரின் சம்மதம் வந்துவிட்டது. மெத்தை வாங்கியாகிவிட்டது, என் தாயாருக்கு அதன் விலையைச் சொல்லவில்லை. இந்த ஊரில் மாடி வீட்டில் கிரேஹவுண்ட் வளர்க்கும் தமிழர் யாரேனும் இருந்தால், முதல் தடவை அதை லிஃப்டுக்குள் எப்படி அழைத்துப் போனீர்கள் என்பதையும், குக்கர் விசிலுக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் எனக்குத் தயவுசெய்து எழுதுங்கள்.